மூன்று குதிரை அதிகம்

அக்காவின் காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டும்போதே எனக்குத் தெரியும், இது தேறாது என்று. காரில் குறை ஒன்றும் இல்லை. வானம்தான் சரியில்லை.

மதியத்துக்கு மேல் காற்று நின்றுபோயிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே நிற்பது, நனைந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பது போல இருந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய வானிலைப் பெட்டி முப்பத்தைந்து டிகிரி காட்டியது. ஈரப்பதம் அறுபத்தைந்து. மழை வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது.

நான் வேலை பார்ப்பது கார்களின் சக்தியை அளக்கும் பட்டறையில். தரையில் இரண்டு இரும்பு உருளைகள். காரின் சக்கரங்களை அவற்றின் மேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கார் நின்ற இடத்திலேயே நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உருளையை அது எவ்வளவு பலமாகச் சுற்றுகிறது என்பதை மெஷின் அளந்து திரையில் கோடு போடும். டைனோ என்று சொல்வார்கள். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைக்கிற வேலைகளில் இது பரவாயில்லை. இதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இதே வேலையைத்தான் செய்தேன். அங்கே பேச ஆள் கிடையாது. இங்கே பேசாத ஆள் கிடையாது.

மறுநாள் காலை மலைப்பாதைப் பந்தயம். வருஷத்துக்கு ஒரு முறை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒவ்வொரு காராக ஏற வேண்டும். யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. காசு உள்ளவன் பெரிய இன்ஜினைக் கொண்டுவந்து மற்றவர்கள் வாயில் மண்ணைப் போடக் கூடாது என்று பந்தயத்தை நடத்தும் கிளப்காரர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். நூற்றைம்பது குதிரைத்திறன். அதற்கு மேல் போனால் ஸ்டிக்கர் கிடையாது. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் மலை கிடையாது. அளவெடுப்பு எங்கள் பட்டறையில், முந்தின நாள் மாலை ஆறு மணி வரை. எத்தனை தடவை வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். ஆறு அடித்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

"தயாரா?" என்றேன்.

"நான் மூணு வருஷமா தயார்டா. நீ மெஷினைப் பாரு."

அது உண்மை. அக்கா விமான நிலையத்தில் பெட்டி வண்டி ஓட்டுகிறாள். விமானத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே பெட்டிகளை இழுத்துப் போகும் குட்டி டிராக்டர். அதில் அவள் போகலாம் என்று எழுதிப்போட்டிருக்கும் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர். அந்த எரிச்சலை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், இந்தக் காரின் மேல் காட்டியிருந்தாள். பழைய கார், சின்ன இன்ஜின், அதில் ஒரு டர்போ. முதல் வருஷம் பேர் கொடுத்தபோது கியர்பாக்ஸ் உடைந்தது. இரண்டாம் வருஷம் கல்யாணம் உடைந்தது. இந்த வருஷம் இதுவரை எதுவும் உடையவில்லை.

மிதித்தாள். தகரக் கூரை அதிர்ந்தது. டர்போவின் விசில் ஏறி, உச்சிக்குப் போய், ஒரு பெருமூச்சோடு அடங்கியது. திரையில் இரண்டு எண்கள் வந்தன.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "உன் மூஞ்சியே சொல்லுதே. எவ்ளோ?"

"நூத்தி அம்பத்தி மூணு."

"அளந்ததா, திருத்துனதா?"

"திருத்துனது. அளந்தது நூத்தி நாப்பத்தாறு."

"அப்போ நூத்தி நாப்பத்தாறுதான்."

"விதி திருத்துனதைத்தான் பாக்கும்க்கா."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்ஜின் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பல மடங்கு காற்றைக் குடிக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சூடான காற்று விரிந்து மெலிந்துபோகும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் மெலியும். ஒரு மூச்சுக்கு உள்ளே போவது குறையும், எரிவது குறையும், சக்தியும் குறையும். அதே கார் குளிர்ந்த காலையில் துள்ளும், புழுக்கமான மதியத்தில் மூச்சு வாங்கும். காலையில் வந்தவனுக்கு ஒரு அளவு, மதியம் வந்தவனுக்கு ஒரு அளவு என்றால் நியாயம் இல்லை. அதனால் மெஷின் வானிலைப் பெட்டியைப் பார்த்து, இன்றைய காற்றால் இந்தக் காருக்கு எவ்வளவு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அதைக் கூட்டிக் கொடுக்கும். அன்று நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொண்டிருந்தது.

சாதாரண இன்ஜினுக்கு அது சரியான கணக்கு. டர்போவுக்கு இல்லை. டர்போ என்பது புகை போகிற வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று மெலிந்திருந்தால் இன்னும் வேகமாகச் சுற்றி, வேண்டிய அழுத்தம் வந்த பிறகுதான் ஓயும். ஆகவே இந்தப் புழுக்கத்தில் அக்காவின் கார் பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை. இழக்காததையும் மெஷின் கூட்டிக் கொடுத்தது. காய்ச்சல் இல்லாதவனுக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஏன்டா மயங்கினாய் என்று கேட்பது மாதிரி.

விதியை எழுதிய காலத்தில் கிளப்பில் யாரிடமும் டர்போ இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஸ்டிக்கர் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல.

"மூணு அதிகமா இருக்கே, தம்பி."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பாதி கேட்டபோதே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். உங்க அக்காங்கிறதால சொல்றன்னு நாலு பேர் பேசுவாங்களா, மாட்டாங்களா? அடுத்த கூட்டத்துல வை. விதியை மாத்திடலாம். இன்னைக்கு எழுதியிருக்கிறதுதான்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"பந்தயம் முடிஞ்சப்புறம்."

அவர் அக்காவிடம் திரும்பினார். "மேடம், டர்போ அழுத்தத்தை ஒரு சிட்டிகை குறைச்சுடுங்க. லேப்டாப்பை மாட்டினா அஞ்சு நிமிஷ வேலை. கொஞ்சம்தான் வலிக்கும்."

"முடியாது டாக்டர்," என்றாள் அக்கா. "காரோட கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட் இருக்கு. அது அந்த ஆள்கிட்ட இருக்கு."

அந்த ஆள் என்றால் அவளுடைய முன்னாள் கணவர். கார்களின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு அழுத்தம் என்று எழுதுவது அவருடைய தொழில். இந்தக் காருக்கும் அவர்தான் எழுதினார், பிரிவதற்கு முன்பு. இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார், ஸ்டிக்கர் சுருளைத் தடவினார். "சரி சரி. பாப்போம்" என்று நாற்காலிக்குத் திரும்பினார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

காரை உருளையிலிருந்து இறக்கி ஓரமாகத் தள்ளினோம். அடுத்த கார் ஏறியது. அது ரேடியோவின் கார். லிப்ட் ரிப்பேர் செய்பவன். வாயை மூடியே பார்த்ததில்லை என்பதால் அந்தப் பேர். போன வருஷக் கோப்பை அவனிடம்தான் இருந்தது. அவனுடையது டர்போ இல்லாத சாதாரண இன்ஜின். அளந்தது நூற்று நாற்பத்தொன்று. மெஷின் கூட்டிக் கொடுத்து நூற்று நாற்பத்தெட்டு. பாஸ்.

"மேல போறதுதான் மாப்ள என் தொழில்," என்று ஸ்டிக்கரைக் கண்ணாடியில் தேய்த்து ஒட்டினான். பிறகு அக்காவின் காரைப் பார்த்தான். "என்ன பெட்டிக்காரம்மா, எக்ஸ்ட்ரா லக்கேஜா? மூணு குதிரையை இறக்கி வச்சுட்டுதான் ஏத்துவாங்களா?"

"உன் வாயை இறக்கி வச்சா இன்னும் சீக்கிரம் மேல போவே," என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். என் காதருகே வந்து, ஊருக்கே கேட்கும் குரலில் ரகசியம் சொன்னான். "அந்த வெதர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஐஸ் கட்டியை வச்சுட்டா வேலை முடிஞ்சுது மாப்ள. குளிர்ச்சின்னு நெனச்சுக்கிட்டு கூட்டாம விட்டுரும்."

"காது கேக்குது," என்றார் டாக்டர்.

"உங்களுக்குக் கேக்கணும்னுதானே சொன்னேன்."

அக்கா வாசலுக்கு வெளியே போய் வானத்தைப் பார்த்தாள். எதிரே டயர் கடை, அதற்குப் பின்னால் ஒரு கிடங்கு, அதற்கும் பின்னால் கருத்த மேகம். அது காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்பாத சொந்தக்காரர் மாதிரி.

ஒரு நாற்காலியை இழுத்து வந்து கதவருகே போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணப் போறே?"

"மழை வரட்டும். குளிரும். உன் மெஷின் கூட்டுறதை நிறுத்தும். அப்போ அள."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை."

நான் பக்கத்துக் கடையில் இரண்டு காபி வாங்கி வந்தேன். வேறு வேலை இருந்தது. இன்னும் நான்கைந்து கார்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாக ஏற்றினேன், கட்டினேன், அளந்தேன், இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் வானிலைப் பெட்டியைப் பார்த்தேன். முப்பத்தைந்து. முப்பத்தைந்து. ஒருமுறை முப்பத்தாறு. அளக்கிற கார்களின் சூடும் உள்ளேயே தங்கியது. அக்கா ஒரு தடவைகூடப் பெட்டியைப் பார்க்கவில்லை. மேகத்தை மட்டும் பார்த்தாள்.

வரிசை தீர்ந்ததும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்க வேலையில இதெல்லாம் பழக்கம்டா," என்றாள். "வெயில் உச்சியில இருக்குறப்போ சில பிளைட்டுக்கு ஏத்துன பெட்டியையே மறுபடி இறக்கச் சொல்வாங்க. காத்துல தெம்பு இல்ல, றெக்கைக்குப் பிடிப்பு கிடைக்காது, அவ்ளோ கனத்தோட எழும்பாதும்பாங்க. நான் இருபது பெட்டியைத் திருப்பி இழுத்துக்கிட்டு வருவேன். உள்ள உக்காந்திருக்கிற ஆளு ஜன்னல் வழியா அவன் பெட்டி போறதைப் பாத்துக்கிட்டே இருப்பான். என்னைத்தான் திட்டுவான். காத்தைத் திட்ட முடியுமா?"

"அந்தப் பெட்டியெல்லாம் என்னாகும்?"

"சாயந்தரம் குளிர்ந்தப்புறம் வேற பிளைட்ல போகும். பெட்டியில எந்தக் குறையும் இருக்காது. நேரம் சரியில்ல, அவ்ளோதான்."

ரேடியோ இன்னும் போகவில்லை. ஸ்டிக்கர் வாங்கியவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். மழை வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்றேன். "பாத்துட்டு எல்லார்கிட்டயும் சொல்லணும்ல" என்றான். டாக்டர் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. ஸ்டிக்கர் சுருளைக் கை இறுகப் பிடித்திருந்தது.

அப்போது என் போன் அடித்தது. மாமா.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். விவாகரத்து ஆன பிறகு அந்த ஆளை எப்படிக் கூப்பிடுவது என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மாமா என்றே விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை பேசிக்கொள்வோம். பெரும்பாலும் கார்களைப் பற்றி.

பின்பக்கம் போனேன். அங்கே ஒரு ஷட்டர் உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து திறந்ததில்லை. முதலாளி எந்தப் பழைய டயரையும் எறியவிடமாட்டார். எல்லாம் அந்த ஷட்டரின் முன்னால் மார்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன. டயர்களுக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தேன்.

"சொல்லுங்க மாமா."

"இங்க வானம் மூடியிருக்கு. அங்கயும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

"எவ்ளோ காட்டுச்சு?"

பந்தயம் நாளைக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் வருகிறாள் என்பதும். நான் எண்களைச் சொன்னேன்.

"நெனச்சேன்," என்றார். "நூத்தி நாப்பத்தாறுதான் அது. நான் எழுதினதே அதுக்குத்தான். குளிர்ந்த நாள்ல அளந்தா பிரச்சினையே இல்ல. அழுத்தத்தைக் கொஞ்சம் எறக்கிடச் சொல்லு."

"பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருக்குன்னாளே."

"பாஸ்வேர்டா? நான் எங்கடா போட்டேன்? கம்பெனியில போட்டு அனுப்புற நாலு சைபர்தான் இருக்கும். மாத்தணும் மாத்தணும்னு நெனச்சேன், மாத்தவே இல்ல." பிறகு, "அவகிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

"பின்ன யாரு சொன்னாங்கன்னு சொல்றது?"

"நீயே கண்டுபிடிச்சேன்னு சொல்லு. படிச்சவன்தானே."

"பாதிதான் மாமா."

"பாதி போதும் இதுக்கு." வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தேன். இப்போது எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. அந்த நாலு சைபரைச் சொன்னால் அக்கா லேப்டாப்பை மாட்டுவாள், மூன்று குதிரையைக் குறைப்பாள், ஸ்டிக்கர் வாங்குவாள், நாளைக்கு மலை ஏறுவாள். அதே சமயம், யார் சொன்னது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். அந்த ஆளின் பேரை வீட்டில் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. கடைசியாக எடுத்த அம்மா, ஒரு வாரம் தனியாகத்தான் சாப்பிட்டார்.

மழை வந்துவிட்டால் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நானும் மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மேகம் அசையவில்லை. ஐந்தரை ஆனது. டாக்டர் எழுந்து கைகளை நீட்டி சோம்பல் முறித்தார். எதிரே டயர் கடைக்காரர் வெளியே கிடந்தவற்றை உள்ளே எடுத்து வைத்தார். கடையை மூடுகிறாரா, மழைக்குப் பயப்படுகிறாரா என்று தெரியவில்லை.

இனிமேலும் சும்மா இருப்பது கோழைத்தனம் என்று பட்டது. அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா. நாலு சைபர் போட்டுப் பாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போன் பண்ணானா?"

"பண்ணார்."

"நான் சொன்னேன்னு சொல்லாதன்னானா?"

"ஆமா."

"தெரியும்டா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாலு சைபர். ஷெட்ல நான்தான பக்கத்துல உக்காந்துக்கிட்டு லைட் பிடிச்சேன். அந்த ஆளு எதுக்குமே பாஸ்வேர்ட் மாத்தினது இல்ல. வீட்டு வைபைக்குக்கூட அதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. மதியத்திலிருந்து வியர்த்துக்கொண்டு நின்ற கோபமும் சேர்ந்து வந்தது. "அப்போ எதுக்கு அவர்கிட்ட இருக்குன்னு சொன்னே?"

"அந்த ஆளுகிட்ட இருக்குன்னா யாரும் மேற்கொண்டு பேச மாட்டாங்க. பாத்தியா, டாக்டர் எப்படி வாயை மூடினாருன்னு. விவாகரத்துனால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான்." அவள் காபிக் குவளையைத் தரையில் வைத்தாள். "இல்லைன்னா ஆளாளுக்கு வந்து, கொஞ்சம் குறைச்சுக்கோ, கொஞ்சம் குறைச்சுக்கோன்னு உயிரை எடுத்திருப்பாங்க."

"குறைச்சாத்தான் என்ன? மூணு குதிரை. நாளைக்கு ஏறவாவது ஏறலாம்ல? மூணு வருஷம்க்கா."

"காரு சரியா இருக்கா, இல்லையா? நீ சொல்லு. தொழில்காரனா சொல்லு."

"சரியாத்தான் இருக்கு."

"தப்பு எங்க இருக்கு?"

"கணக்குல."

"அப்போ சரியா இருக்கிறதை எதுக்குடா நான் குறைக்கணும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பெட்டிகள் எப்போது போகும் என்று சொன்ன அதே குரல். ஆறு மணிக்குக் கதவை இழுத்து மூடினால் இவள் எழுந்து, நாற்காலியை மடக்கி வைத்து, காரை வீட்டுக்கு ஓட்டிப் போய், நாளைக் காலை டிராக்டரில் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. யாரையும் குறைசொல்லவும் மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை தரையிலிருந்து எழுந்தது.

முதலில் அது மட்டும்தான். பிறகு எதிர்க்கடையின் தார்ப்பாய் படபடத்தது. ஒரு நிமிஷத்துக்குள் தெருவின் தூசி முழுக்க எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே குளிர்ந்த காற்று. முகத்தில் பட்டதும் ரேடியோ, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினான், அவனே வரவழைத்த மாதிரி. பெரிய பெரிய துளிகள் தகரத்தில் விழுந்தன. அப்புறம் பேச்சு கேட்கவில்லை.

நான் ஓடிப்போய் வானிலைப் பெட்டியைப் பார்த்தேன். முப்பத்து நான்கு.

வெளியே குளிர்ந்துவிட்டது. உள்ளே குளிரவில்லை. நாள் முழுக்க கார்கள் கக்கிய சூடு கூரைக்குக் கீழே அப்படியே நின்றது. ஒரு வாசல்தான் திறந்திருந்தது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. இன்ஜின் குடிக்கப் போவதும் இந்தப் பழைய சூட்டைத்தான், பெட்டி காட்டப் போவதும் இதைத்தான். மணி ஐந்தே முக்கால் தாண்டிவிட்டது.

"பின் ஷட்டர்!" என்று கத்தினேன்.

"டயர் கெடக்குதே!" என்றான் ரேடியோ.

"எடுத்தாத்தான் தெறக்கும்!"

அக்கா அதற்குள் பின்னால் போய் முதல் டயரை உருட்டிவிட்டிருந்தாள். நாள் முழுக்கப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு டயர் ஒரு பாரமா? நான் போய்ச் சேர்ந்தேன். ரேடியோவும் வந்தான். ஒரு டயரைத் தூக்கிக்கொண்டே, "உன்னை ஜெயிக்க விடுறதுக்கு நானே டயர் தூக்குறேன் பாரு பெட்டிக்காரம்மா" என்றான்.

"யாரு உன்னைக் கூப்பிட்டா?"

"நீ வராம நான் ஜெயிச்சா அடுத்த வருஷம் முழுக்க அதையே சொல்லிக் காட்டுவே. அதுக்கு இதுவே மேல்."

டயருக்குள் தேங்கியிருந்த பழைய தண்ணீர் என் பேண்டில் கொட்டியது. டாக்டர் எழுந்து வந்து நின்றார். நான் ஒரு டயரோடு நின்று அவரைப் பார்த்தேன்.

"ஷட்டரைத் தெறக்கலாமா டாக்டர்? ஏதாவது விதி இருக்கா?"

அவர் யோசித்தார். அந்த யோசனை எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

"காத்து வரக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல," என்றார். ஸ்டிக்கர் சுருளைச் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, அவரும் ஒரு டயரைப் பிடித்து உருட்டினார். அது அவர் நினைத்த பக்கம் போகவில்லை.

ஷட்டர் துருப்பிடித்திருந்தது. முழுதாக ஏறவில்லை. முழங்கால் அளவு, இடுப்பளவு, அதற்கு மேல் நின்றுவிட்டது. அது போதும். வாசலில் நுழைந்த மழைக்காற்று உருளைகளைத் தாண்டி, எங்களைத் தாண்டி, பின்பக்கமாகப் போனது. நாள் முழுக்கக் கூரைக்குக் கீழே கிடந்த சூட்டையும் இழுத்துக்கொண்டு போனது. என் முதுகு வியர்வை ஒரு நொடியில் ஜில்லென்று ஆனது.

காரை ஏற்றினோம். நான் ஒரு பக்கம் பட்டை போட, ரேடியோ மறுபக்கம் போட்டான். சரியாகத்தான் போட்டிருந்தான், ஆனாலும் நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். "நம்பலையா?" என்றான். "நம்புறேன். பட்டையைத்தான் நம்பல" என்றேன்.

பெட்டி முப்பது காட்டியது. அக்கா ஸ்டார்ட் செய்யவில்லை.

"போடு!" என்றேன்.

"இரு."

இருபத்தெட்டு. டாக்டர் கையைத் திருப்பி மணி பார்த்தார். இருபத்தாறு. மழை கூரையை உடைப்பது போலப் பெய்தது. இருபத்து நான்கு. அக்கா சாவியைத் திருப்பினாள்.

மிதித்தாள். விசில் ஏறியது, உச்சிக்குப் போனது, அடங்கியது.

நான் திரையைப் பார்த்தேன். அளந்தது நூற்று நாற்பத்தேழு. குளிர்ந்த காற்றில் ஒன்று கூடியிருந்தது. மெஷின் இந்தத் தடவை நூற்றுக்கு ஒன்றே சொச்சம் மட்டும் கூட்டியிருந்தது. திருத்தியது நூற்று நாற்பத்தொன்பது.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து சுருளை எடுத்து, ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து, காரின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஒட்டினார். "சுத்தமா இருக்கு," என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. மணி ஆறுக்குச் சற்று முன்போ பின்போ இருக்கும். அவர் அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அக்கா காரை விட்டு இறங்கி ஸ்டிக்கரைப் பார்த்தாள். விரலால் ஒரு ஓரத்தை அழுத்தினாள். சிரிக்கவில்லை. "பசி எடுக்குதுடா," என்றாள்.

என் போன் மறுபடி அடித்தது. எடுக்கலாமா என்று அவளைப் பார்த்தேன்.

"எடு. எனக்கென்ன."

எடுத்தேன். "பாஸ் மாமா."

"குறைச்சாளா?"

"இல்ல. மழை வந்துச்சு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "குறைக்க மாட்டா," என்றார். வைத்துவிட்டார்.

அக்கா பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

ரேடியோ தன் காருக்குப் போகாமல் வாசலில் நின்று மழையைப் பார்த்தான். அதிசயமாகக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் வந்தான்.

"மாப்ள, ஒரு சந்தேகம். மலை உச்சியில காத்து இன்னும் மெலிசா இருக்கும்ல?"

"இருக்கும்."

"என் காருக்கு மேல போகப் போக குறையும்?"

"குறையும்."

"பெட்டிக்காரம்மாவுக்கு?"

"பெருசா குறையாது. விசிறி இருக்குல்ல."

அவன் தன் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைத் திரும்பிப் பார்த்தான். "அங்க உன் மெஷின் எனக்குக் கூட்டிக் குடுக்காதா?"

"மலையில யாரும் கூட்டிக் குடுக்க மாட்டாங்க."

"அப்போ நான் எதுக்குடா டயர் தூக்கினேன்?" என்றான். அக்கா அப்போதுதான் சிரித்தாள்.

டயர்களை மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. முதலாளி வந்து பார்த்தால் கத்துவார். ஷட்டரை இறக்கப் பார்த்தேன். அது இப்போது கீழேயும் வரவில்லை. விட்டுவிட்டேன். மழை ஓயும்வரை காற்று உள்ளே வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. சுவரில் பெட்டி இருபத்து மூன்று காட்டியது. அளக்க ஒரு காரும் இல்லை.